ஏட்டில் இருப்பதை அறியும் உரிமை

கடைக்குப் போய்வரும் பிள்ளையிடம் தாய் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்குகிறாள். பங்குக் கோயில் திருவிழா முடிந்ததும் வரவு செலவுக் கணக்கு கோயில் வாசலில் ஒட்டப்படுகிறது. சங்கத்துக்குச் சந்தா கட்டியவர் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கிறார். இவற்றில் எதையும் நாம் மரியாதைக் குறைவாக எண்ணுவதில்லை. ஆனால் அதே தாயும் அதே பங்கு மக்களும் ஓர் அரசு அலுவலகத்தின் படியேறியதும் குரல் தாழ்ந்து போகிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோப்பில் தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அஞ்சுகிறார்கள். ஒரு சோப்புக்கட்டி வாங்கும்போதும் வரி செலுத்துகிறவர்கள் நாம். அந்த வரிப்பணத்தின் கணக்கைக் கேட்பதற்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கம்? இத்தயக்கத்தைப் போக்கவே நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்தது. அது பிறந்த கதையையும், அதைக் கையாளும் முறையையும், அண்மையில் அதற்கு நேர்ந்துள்ள சோதனையையும் இங்கே காண்போம்.

கணக்குக் காட்டும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த இவை, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வேலைகள் பிரிக்கப்பட்டிருந்தன. நமக்கு வியப்பளிப்பது தகுதியின்மைப் பட்டியல்தான். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி அதில் இடம்பெற முடியாது. அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் இடம்பெற முடியாது! எனினும் அதைப் பொற்காலம் என்று புகழ்ந்துவிட நமக்கு மனமில்லை. அந்தச் சபையில் பெண்களுக்கு இடமில்லை, நிலமில்லாதவருக்கும் இடமில்லை. ஆனாலும் விதிகளை ஓலைக்கட்டில் பூட்டி வைக்காமல், போவோர் வருவோர் கண்ணில் படும்படி சுவரில் வெட்டி வைத்தார்களே, அதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

அரசாங்க ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று உலகிலேயே முதன்முதலில் சட்டம் இயற்றிய நாடு ஸ்வீடன். ஆண்டு 1766. அச்சட்டத்துக்காக அந்நாட்டு மன்றத்தில் வாதாடியவர் ஆண்டர்ஸ் கிடேனியஸ் என்னும் கிறிஸ்தவப் போதகர். அப்பொழுது ஸ்வீடனின் ஆட்சிக்குள் இருந்த பின்லாந்துப் பகுதியைச் சேர்ந்தவர் அவர்.

நம் நாட்டிலோ நிலைமை நேர்மாறாக இருந்தது. ஆங்கிலேயர் 1923-ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தனர். ஒற்றர்களைப் பிடிப்பதற்காக என்று சொல்லப்பட்ட அச்சட்டத்தின் நிழல் ஒவ்வோர் அலுவலகத்தின் மீதும் விழுந்தது. கோப்பில் இருப்பதை வெளியே சொன்னால் வேலைக்கு ஆபத்து என்ற பயத்தில், சொல்லக்கூடிய சாதாரணச் செய்தியையும் சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்று அலுவலர்கள் பழகிக்கொண்டனர். வெள்ளையர் போனார்கள், அந்தப் பழக்கம் போகவில்லை.

சுதந்திர இந்தியாவில் இதை அசைத்த முதல் பெரிய தீர்ப்பு 1975-இல் வந்தது. தேர்தல் வழக்கு ஒன்றில், பிரதமரின் சுற்றுப்பயணப் பாதுகாப்பு விதிகள் அடங்கிய ‘நீலப் புத்தகம்’ என்னும் ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்று ராஜ் நாராயண் கேட்டார். உத்தரப் பிரதேச அரசு மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பொது அலுவலில் இருப்பவர்கள் பொதுவாகச் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறிய இந்நாட்டு மக்களுக்கு உரிமை உண்டு என்ற கருத்தை நீதிபதி கே.கே. மேத்யூ தம் தீர்ப்பில் எழுதினார். பேச்சுரிமையைத் தரும் நம் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவுக்குள்ளேயே அறியும் உரிமையும் அடங்கியிருக்கிறது என்பது இதன் வழியே நிலைபெற்றது. விஷயம் தெரியாதவர் எதைப் பேசுவார், எப்படி வாக்களிப்பார்?

ஆனால் ஒரு தீர்ப்பை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய் நகல் கேட்க முடியுமா? அதற்கு ஒரு சட்டம் வேண்டும். அந்தச் சட்டத்துக்கான போராட்டம் தில்லியில் தொடங்கவில்லை. இராஜஸ்தானத்தின் வறண்ட குன்றுகளுக்கு நடுவே, மண்வெட்டி பிடித்த கைகளிலிருந்து தொடங்கியது என்பதே இவ்வரலாற்றின் பெருமை.

சென்னையில் பிறந்தவர் அருணா ராய். 1968-இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து, சில ஆண்டுகளிலேயே அதைத் துறந்து, கிராம மக்களோடு வாழச் சென்றவர். அவரும் நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் 1987 முதல் தேவ்துங்க்ரி என்னும் சிற்றூரில் ஒரு மண்வீட்டில் தங்கிப் பணியாற்றினர். 1990-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று, உழவரும் கூலிகளும் சேர்ந்த ‘மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்’ என்ற அமைப்பு உருவாயிற்று. அங்கே பஞ்ச காலத்தில் அரசாங்கம் ரோடு போடுவது, குளம் வெட்டுவது போன்ற வேலைகளைத் தரும். நாள் முழுவதும் வேலை செய்த பெண்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைப்பதில்லை. ‘ஏன் குறைத்தீர்கள்?’ என்று கேட்டால், ‘நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை என்று ஏட்டில் இருக்கிறது’ என்பது பதில். ‘அந்த ஏட்டைக் காட்டுங்கள்’ என்றால், ‘அது அரசாங்க இரகசியம்’ என்பது அடுத்த பதில்.

தோழியரே, இந்த இரண்டு பதில்களையும் சேர்த்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வேலை செய்தவளின் உடம்பு வலி பொய். அவள் பார்க்கவே கூடாத ஏடு மெய்! ஆகவே அந்த மக்கள் கூலியைக் கேட்பதற்கு முன் ஏட்டைக் கேட்க வேண்டும் என்று தெளிந்தார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் ‘ஜன் சுன்வாய்’, அதாவது மக்கள் விசாரணைக் கூட்டம் நடந்தது. கிடைத்த ரசீதுகளையும், மஸ்டர் ரோல் எனப்படும் கூலியாள் வருகைப் பட்டியல்களையும் ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். எழுத்தறியாதவரும் கேட்டுப் புரிந்துகொண்டனர். இத்தகைய கூட்டங்கள் தொடர்ந்து பல ஊர்களில் நடந்தன. பட்டியலில் பெயர் படிக்கப்படும். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, ‘நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே’ என்பார். இன்னொரு பெயர் படிக்கப்படும். ‘அவர் இறந்து பல வருடமாயிற்றே’ என்று குரல் வரும். கட்டப்படாத கட்டடங்களுக்குப் பணம் கொடுத்த ரசீதுகளும் வெளிவந்தன. யாரும் நெடிய சொற்பொழிவு ஆற்றவில்லை. ஏட்டில் இருந்ததைப் படித்தார்கள், அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

பஞ்சாயத்துப் பணிகளின் ஆவணங்களுக்கு நகல் தரப்படும் என்று 1995-இல் இராஜஸ்தான் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஓராண்டாகியும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் நகரத்து வீதியில் மக்கள் தர்ணாவில் அமர்ந்தனர். அப்பொழுது வந்த ஆணையிலும் ஒரு தந்திரம் இருந்தது: ஆவணத்தைப் பார்க்கலாம், ஆனால் நகல் தரமாட்டோம்! நகல் இல்லாமல் எதைக் கொண்டு நிரூபிப்பது? ஆகவே தர்ணா நாற்பது நாட்கள் நீடித்தது. கிராமத்தார் தானியம் கொண்டுவந்து தந்தார்கள்; பியாவர் வியாபாரிகளும் உதவினார்கள். ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்ற பொருளுடைய இந்தி முழக்கம் அங்கேதான் நாடறிந்ததாயிற்று. நான்காம் வகுப்புவரை மட்டுமே படித்த ஒரு கிராமப் பெண், தில்லியில் பத்திரிகையாளர்கள் கேட்டபோது, பத்து ரூபாயோடு கடைக்கு அனுப்பிய மகனிடம் கணக்குக் கேட்பதையே உவமையாகச் சொன்னாராம். என் பெயரால் இவ்வளவு செலவு செய்யும் அரசாங்கத்திடம் நான் கேட்கக் கூடாதா என்பது அவர் வாதம். பாடநூலில் பத்துப் பக்கம் படித்தாலும் இவ்வளவு தெளிவு வருமா என்று தெரியவில்லை.

இதற்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியாவிலேயே முதலில் இதற்கெனச் சட்டம் இயற்றிய மாநிலம் நம் தமிழ்நாடுதான், ஆண்டு 1997. இது நமக்குப் பெருமைதான் என்றாலும், இருபதுக்கும் மேற்பட்ட விலக்குகளைச் சுமந்திருந்த அச்சட்டத்தால் பெரும்பயன் விளையவில்லை. அவ்வாண்டே கோவாவும், 2000-இல் இராஜஸ்தானமும் சட்டம் இயற்றின. 2002-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியும் அது நடைமுறைக்கு வரவே இல்லை. கடைசியில் 2005-இல் நிறைவேறிய தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 12-ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பழைய அலுவல் இரகசியச் சட்டத்தோடு முரண்பாடு நேர்ந்தால் இச்சட்டமே மேலோங்கும் என்று அதன் 22-ஆம் பிரிவு கூறுகிறது.

இனி, கேட்கும் முறையைப் பார்ப்போம். ஒவ்வோர் அரசு அலுவலகத்திலும் பொதுத் தகவல் அலுவலர் என ஒருவர் நியமிக்கப்பட்டிருப்பார். அவருக்கு வெள்ளைத் தாளில் ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும். தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். நம் மாநில அலுவலகங்களுக்கு அதைக் கோர்ட் பீ ஸ்டாம்பாக ஒட்டியும் அனுப்பலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலர் காரணம் கேட்கக் கூடாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் வடிக்க உதவுவது அவர் கடமை. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதாக இருந்தால் 48 மணி நேரம்தான் அவகாசம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால், 5 நாட்களுக்குள் அதை உரிய இடத்துக்கு அவர்களே அனுப்பிவைக்க வேண்டும். பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் அதே துறையின் மேல் அலுவலருக்கு 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நியாயம் கிட்டாவிட்டால் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தக்க காரணமின்றித் தாமதம் செய்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அது அவருடைய சொந்தப் பணத்திலிருந்து போக வேண்டும்!

இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்துவிடலாம். கேள்வியை எழுதுவதுதான் கடினம். இச்சட்டம் தருவது ஏட்டில் இருப்பதை மட்டுமே. இல்லாததை உருவாக்கித் தரவோ, காரணகாரியங்களை விளக்கவோ அலுவலர் கடமைப்பட்டவர் அல்லர். ‘எங்கள் தெருச் சாக்கடை ஏன் இப்படி நாறுகிறது?’ என்று எழுதினால், ‘தாங்கள் கேட்டது தகவல் வரையறைக்குள் வராது’ என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். அதையே, ‘இன்ன தெருவில் இன்ன ஆண்டில் நடந்த கால்வாய்ப் பணியின் மதிப்பீட்டு நகல், ஒப்பந்ததாரர் பெயர், வேலையை அளந்து எழுதிய அளவுப் புத்தகத்தின் சான்றிட்ட நகல், பணம் வழங்கிய தேதி’ என்று கேட்டுப் பாருங்கள். நான்கும் ஏட்டில் இருப்பவை, மறுக்க வழியில்லை. ஏட்டில் ஆழம் மூன்றடி என்றிருக்கும். ஒரு குச்சியை விட்டுப் பார்த்தால் தெருவில் எத்தனை அடி என்று தெரிந்துவிடும். நேரில் போய்க் கோப்பைப் புரட்டிப் பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம், நடக்கும் வேலையையே பார்வையிடலாம், பயன்படுத்திய பொருளில் மாதிரியும் கேட்டு வாங்கலாம். புதிதாகப் போட்ட ரோட்டின் கலவையில் ஒரு பிடி கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

வயது தடையா என்று சில தோழியர் கேட்கிறார்கள். எல்லாக் குடிமக்களுக்கும் உரிமை உண்டு என்றுதான் சட்டம் சொல்கிறது. வயது வரம்பு ஏதும் எழுதப்படவில்லை. 2012-இல் லக்னோ நகரைச் சேர்ந்த பத்து வயது மாணவி ஒருத்தி, மகாத்மா காந்திக்குத் ‘தேசத் தந்தை’ என்ற பட்டம் எந்த ஆணையால் வழங்கப்பட்டது, அதன் நகல் வேண்டும் என்று பிரதமர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தாள். பிரதமர் அலுவலகம் அதை உள்துறைக்கு அனுப்பியது. உள்துறை தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியது. அப்படிப்பட்ட ஆவணம் எதுவும் தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. பின்னர் உள்துறை, கல்வி, இராணுவச் சிறப்புகளைத் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்க அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவு இடம் தரவில்லை என்றும் தெரிவித்தது. நாடு முழுவதும் பாடநூல்களில் இருக்கும் ஒரு பட்டம் அரசாங்கம் தந்ததன்று, மக்கள் தந்தது என்று நமக்கு விளங்கியது. ‘ஆவணம் இல்லை’ என்ற பதிலும் ஒரு தகவல்தான்.

பொதுத் தேர்வை எதிர்நோக்கியிருக்கும் நமக்கு இன்னொரு செய்தி இனிக்கும். திருத்தப்பட்ட விடைத்தாளை எழுதிய மாணவருக்கே காட்ட முடியாது என்று தேர்வு வாரியங்கள் நெடுநாள் மறுத்துவந்தன. 2011 ஆகஸ்டில், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில், விடைத்தாளும் ஒரு தகவலே, அதைப் பார்க்கவும் நகல் பெறவும் மாணவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்திய ஆசிரியரின் பெயரை மட்டும் மறைத்துவிடுவார்கள். அதுவும் நியாயந்தானே! இல்லாவிட்டால் கணித ஆசிரியர்கள் ஊரில் நடமாட முடியுமா?

இச்சட்டத்தின் பயனை நாங்கள் அருகிலிருந்தே கண்டோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் ஆச்சி முதியோர் உதவித்தொகை பெற்றுவந்தவர். மாதம் 1,200 ரூபாய். அதில்தான் மாத்திரை, வெற்றிலை, பேத்திக்கு வாங்கித் தரும் பனங்கிழங்கு எல்லாம். ஒரு மாதம் பணம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. ஆச்சி மூன்று தடவை அலுவலகத்துக்கு நடந்தார். ‘மேலிடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்’ என்றார் ஒருவர். ‘அடுத்த மாதம் வாருங்கள்’ என்றார் இன்னொருவர். மூன்றாவது முறை போனபோது மதியச் சாப்பாட்டு நேரம்.

சமூக அறிவியல் கற்பிக்கும் சிஸ்டரிடம் தோழி சொல்ல, அவர் எங்கள் நால்வரை மதிய இடைவேளையில் உட்கார வைத்து ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னார். ‘கோபத்தை ஒரு தாளில் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு தாள் எடுங்கள்’ என்பது அவர் தந்த முதல் பாடம். உதவித்தொகையை நிறுத்திய ஆணையின் நகல். அதற்கு ஆதாரமான விசாரணை அறிக்கையின் நகல். விசாரணை நடந்த தேதியும் விசாரித்தவரின் பதவியும். ஆச்சி முன்பு கொடுத்த மனுவின் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை. இந்நான்கைக் கேட்டு, ஆச்சியின் பெருவிரல் ரேகையைப் பதித்து, ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினோம்.

இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. விசாரணை அறிக்கையின் நகலில் ஆச்சியின் பெயருக்கு எதிரே ஒரே ஒரு சொல்: ‘இறப்பு’. அடுத்த தெருவில் அதே பெயருடைய வேறோர் அம்மாள் காலமாகியிருந்தார். எழுதியவர் கதவு எண்ணைச் சரிபார்க்கவில்லை. தோழி படித்துக் காட்டியதும், ‘ஏட்டி, நான் எப்பம் செத்தேன்?’ என்று ஆச்சி கேட்டாராம். வீட்டில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஆச்சி மட்டும் அழுதிருக்கிறார். இராஜஸ்தானத்து ஏட்டில் இறந்தவர்கள் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நம் ஊர் ஏட்டில் உயிரோடிருப்பவர் இறந்துபோயிருந்தார். காரணம் தெரிந்த பிறகு வேலை எளிதாயிற்று. கிராம நிர்வாக அலுவலரிடம் உயிரோடிருப்பதற்குச் சான்று வாங்கிக் கொடுத்ததும் மூன்றாம் மாதத்திலிருந்து பணம் வரத் தொடங்கியது. இடையில் விடுபட்ட மாதங்களின் பாக்கிக்கு இன்னொரு மனு போயிருக்கிறது. இந்த விஷயத்தில் யாரும் இலஞ்சம் கேட்டதாக நாம் சொல்லவில்லை. ஒரு சொல் தவறாக எழுதப்பட்டது. அது யார் கண்ணிலும் படாத இடத்தில் இருந்ததால் உண்மையாகிவிட்டது.

அப்படியானால் எல்லாமே வெளியே தெரிய வேண்டுமா? வேண்டாம். தேர்வுக்கு முந்தைய நாள் வினாத்தாளைக் கேட்க முடியுமா? நாட்டின் பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, நடந்துகொண்டிருக்கும் குற்ற விசாரணை, வணிக இரகசியம், ஒருவர் உயிருக்கு ஆபத்து தரும் செய்தி ஆகியவற்றைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு விலக்கி வைக்கிறது. உளவு நிறுவனங்களுக்குத் தனி விலக்கு உண்டு. அங்கும் ஊழலும் மனித உரிமை மீறலும் பற்றிய தகவலுக்கு விலக்கில்லை. தனி மனிதருடைய இரகசியம் புனிதமானது என்பதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் திரையைப் பார்த்து வளர்ந்த நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் குருவானவர் காப்பது ஓர் ஆன்மாவின் இரகசியம். அலுவலகம் காப்பது பொதுப்பணத்தின் இரகசியம். இரண்டையும் ஒரே பூட்டுக்குள் வைக்கலாமா என்பதே இன்றைய வழக்கு.

அந்த வழக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(1) பிரிவில் கடைசி உட்பிரிவு தனிநபர் தகவலைப் பற்றியது. பொதுப் பணிக்குத் தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் தனிவாழ்வில் தேவையின்றி நுழையும் தகவலை மறுக்கலாம். பெரும் பொதுநலன் இருந்தால் அதையும் தரலாம் என்று அது நிதானமாக எடைபோட்டது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உட்பிரிவை மாற்றி, தனிநபர் தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் இம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது. கைப்பேசி எண்ணையும் மருத்துவச் சீட்டையும் கண்டவர் கையில் கிடைக்காமல் காப்பது அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. பெண்களாகிய நமக்கு அந்தக் காப்பு கூடுதலாகவே வேண்டும். ஆனால் மஸ்டர் ரோலில் இருப்பது என்ன? பெயர்கள். ஒப்பந்ததாரர் என்பது ஒரு பெயர். சலுகை பெற்றவர் பட்டியல் முழுவதும் பெயர்கள். ஆச்சியின் அறிக்கையில் இருந்ததும் ஒரு பெயரும் ஒரு சொல்லுமே. ‘தனிநபர் தகவல், தர இயலாது’ என்று கோட் கிரானா மக்களிடம் சொல்லியிருந்தால் அங்கே எதைப் படித்திருப்பார்கள்?

இதற்கு முன்பே 2019-இல் ஒரு திருத்தம் வந்தது. தகவல் ஆணையர்களுக்கு ஐந்தாண்டுப் பதவிக் காலம் என்று சட்டத்திலேயே இருந்ததை நீக்கி, காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே விதிகளால் முடிவு செய்யலாம் என்றாக்கினர். அரசாங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவரின் சம்பளச் சீட்டு அரசாங்கத்தின் கையில்! ஆணையங்களில் இடங்கள் காலியாகக் கிடப்பதும், இரண்டாம் மேல்முறையீட்டுக்கு ஓராண்டுக்கும் மேல் காத்திருப்பதும் பல மாநிலங்களில் கண்ட கதை.

உயிரையே விலையாகக் கொடுத்தவர்களும் உள்ளனர். கிர் காட்டுப் பகுதியில் சட்டவிரோதச் சுரங்கங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பிய அமித் ஜேத்வா, 2010 ஜூலையில் அகமதாபாதில் உயர் நீதிமன்றத்துக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜனவரியில் மகாராஷ்டிரத்தில், நில மோசடிகளை வெளிக்கொணர்ந்த சதீஷ் ஷெட்டி கொலையுண்டார். ஊழலை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014-இல் ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டும், பல ஆண்டுகள் அது நடைமுறைக்கு வராமலே கிடந்தது. பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிய ஒரு தாளைக் கண்டு இவ்வளவு பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் அந்தத் தாளின் வலிமையை என்னவென்பது!

எனினும் நம்பிக்கையளிக்கும் தீர்ப்புகளும் வராமலில்லை. 2019 நவம்பரில் இந்தியத் தலைமை நீதிபதியின் அலுவலகமும் இச்சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் தனக்கு எதிராகத் தானே தீர்ப்பளித்தது. 2024 பிப்ரவரி 15 அன்று, கட்சிகளுக்கு நன்கொடை தருபவர் பெயரை மறைத்துவைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகச் செல்லாததாக்கியது. கட்சிக்கு யார் பணம் கொடுத்தார் என்பதை வாக்காளர் அறிய வேண்டும் என்பதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம், முன்னே சொன்ன அதே 19(1)(அ) பிரிவுதான்.

தனிநபர் தகவல் பற்றிய புதிய விலக்கை அலுவலகங்கள் எப்படிப் பயன்படுத்தும், ஆணையங்கள் எதை ஏற்கும், எதைத் தள்ளும் என்பது இனி வரும் விண்ணப்பங்களில்தான் தெரியவரும். 8(2) என்ற உட்பிரிவு இன்னும் சட்டத்தில் இருக்கிறது. மறைப்பதால் வரும் காப்பைவிட வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிதாக இருந்தால், விலக்குப் பட்டியலில் உள்ளதையும் தரலாம் என்கிறது அது. ஆகவே இனி வேலைப் பட்டியலோ பயனாளிகள் பட்டியலோ கேட்டு எழுதுகிறவர்கள், அந்தப் பட்டியல் பொதுப்பணம் செலவான விவரத்தைக் காட்டுவது என்பதையும், 8(2) பிரிவின்படி கேட்பதாகவும் விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இந்த ஒரு வரி மேல்முறையீட்டில் கைகொடுக்கும் என்று சிஸ்டர் சொல்கிறார்.